துபாசி மகள்

அந்தக் குடியில் பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற வழக்கம் இல்லை. ஒளித்துத்தான் கொடுப்பார்கள்.

போடியிலிருந்து குரங்கணிப் பக்கமாக மலையேறினால், காப்பித் தோட்டங்கள் முடிந்து, ஏலக்காடும் முடிந்து, அதற்கும் மேலே இருந்தது அந்தக் குடி. கல்யாணப் பேச்சு முடிந்ததும் ஒரு நாள் பார்ப்பார்கள். அன்றைக்கு விடிகிற நேரத்தில் பெண் தன் தோழிகளைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவாள். எங்கே போகிறாள் என்று பெற்றவர்களுக்குக்கூடச் சொல்ல மாட்டாள். மாப்பிள்ளை தன் கூட்டாளிகளோடு கிளம்பி அவளைத் தேட வேண்டும். கண்டுபிடித்ததும், தன் கையால் செதுக்கிய மூங்கில் சீப்பை அவள் கொண்டையில் செருகுவான். அதுதான் கல்யாணம். தாலி, மேளம் ஒன்றும் கிடையாது.

கேட்கிற உங்களுக்கு இது பிள்ளைகளின் கண்ணாமூச்சி மாதிரி இருக்கும். அப்படி இல்லை கண்ணுகளா, அதற்குக் கறாரான கட்டுகள் உண்டு. பெண் தானாகக் காட்டை விட்டு வெளியே வந்தால், அவனை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அர்த்தம். மாப்பிள்ளைக்கு முன்னால் வேறு யாராவது அவளைக் கண்டுவிட்டால் தேடல் கெட்டுப்போனது. அப்புறம் அந்த இரண்டு பேருக்கும் கல்யாணம் இல்லை. தேடல் முடிகிறவரை பெண்ணைப் பெற்றவன் வீட்டுப் படியைத் தாண்டக் கூடாது. அவன் காட்டுக்குள் போவது ஒரே ஒரு காரணத்துக்குத்தான். மாப்பிள்ளை செத்துப்போனால், அந்தச் சேதியைச் சொல்ல.

மனசுக்குப் பிடித்தவன் என்றால் பெண்ணும் ரொம்பத் தூரம் போக மாட்டாள். வழியில் ஒரு கிளையை ஒடித்துவிட்டுப் போவாள், ஓடைக்கரைச் சேற்றில் வேண்டுமென்றே கால் பதிப்பாள். பிடிக்காதவனைத்தான் ஒரு மாதம் அலைய விடுவார்கள்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் கன்னையன் மகள் பொன்னுமணி ஒளியப் போனாள். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, கன்னையனின் அக்கா மகன் சின்னச்சாமிதான். ராக்கு என்கிற தோழியும் இன்னொருத்தியும் கூடப் போனார்கள். இரண்டு வேளைக்குத்தான் தினைமாவு கட்டிக்கொண்டு போனாள் என்று அவள் அம்மா குருவம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவ்வளவு நம்பிக்கை அவளுக்கு.

கன்னையனை எல்லோரும் துபாசி என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கிலீஷ்காரன் காலத்தில் மலையில் பங்களா கட்ட வந்த ஒரு துரைக்கும் குடிக்கும் நடுவில் நின்று பேசினவர் கன்னையனின் தாத்தா. துரை போய்விட்டான். பங்களாவின் கூரையும் போய்விட்டது. துபாசி என்கிற பேர் மட்டும் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. தாத்தாவுக்குப் பிறகு அப்பா, அப்பாவுக்குப் பிறகு கன்னையன். துரை இருந்த இடத்தில் இப்போது காட்டிலாகா இருந்தது.

குடிக்காரர்களின் பேச்சைக் காதால் கேட்டால் தமிழ் மாதிரியே இருக்கும். ஆனால் போடிச் சந்தையில் நிற்கிற ஒருத்தனுக்குப் பாதிக்கு மேல் பிடிபடாது. அவர்களுக்கும் கீழ்நாட்டுப் பேச்சு அப்படித்தான். அதனால் ஏதாவது ஒன்று என்றால் ரேஞ்சர் கன்னையனைக் கூப்பிட்டு அனுப்புவார். அவன் நடுவில் நிற்பான். உங்களுக்கு விளங்க வேண்டுமே என்று மலைப்பேச்சையும் நம் பேச்சிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

கன்னையனின் வேலையில் ஒரு தனி நயம் இருந்தது. ஒருமுறை ரேஞ்சர் வெள்ளைத்துரை குடிக்கு வந்தார். தேவாரத்துக்காரர், கனத்த உடம்பு. மூச்சு வாங்க நின்று, "இந்தக் காட்டுப்பயலுக வெறகு வெறகுன்னு வெட்டிக் குவிச்சிருக்கானுக. இன்னொரு மரத்துல கை வச்சா தோலை உரிச்சுருவேன்னு சொல்லுய்யா" என்றார்.

கன்னையன் குடித்தலைவர் மொக்கையன் பக்கம் திரும்பி, "மழை வரப்போகுது, வெட்டின விறகே போதும், அதை நனையாமப் பாத்துக்கச் சொல்றார்" என்றான்.

மொக்கையன் ரேஞ்சரை ஏற இறங்கப் பார்த்தார். "இதைச் சொல்லவா இம்புட்டு வயித்தைத் தூக்கிட்டு மலையேறி வந்தான்? கரடிக்குச் செருப்பு மாட்டின மாதிரி இருக்கான்."

"ஐயா இவ்வளவு தூரம் நடந்து வந்தது பெரிய மனசுன்னு சொல்றாருங்கய்யா."

ரேஞ்சர் குளிர்ந்துபோய்த் தன் பையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தைத் தலைவரிடம் நீட்டினார். மொக்கையனும் வாங்கிக்கொண்டார். இப்படித்தான் பல வருஷம் ஓடியது. ரேஞ்சர் நல்லவர் என்று குடியில் நினைத்தார்கள். குடிக்காரர்கள் சாதுக்கள் என்று ரேஞ்சர் நினைத்தார். இரண்டு பக்கமும் பார்த்தது கன்னையன் செய்து கொடுத்த ஆளைத்தான். பாவம், நாளடைவில் அவனும் அந்த ஆட்களை நம்பிவிட்டான்.

பொன்னுமணி காட்டுக்குப் போன அன்று மத்தியானம் மழை பிடித்தது. ஐப்பசி மழை மலையில் ஒருமுறை பிடித்தால் லேசில் விடாது. மறுநாளும் பெய்தது. சின்னச்சாமி இன்னும் சீப்போடு திரும்பவில்லையே என்று குருவம்மாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் காட்டிலாகா வாச்சர் பால்பாண்டி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"அண்ணே, ஐயா வெரசா வரச்சொன்னாரு."

"இன்னைக்கு நான் வெளிய வரக் கூடாது பால்பாண்டி. வீட்டுல விசேஷம்."

"விசேஷமாவது ஒண்ணாவது. மூணு பேரைப் புடிச்சு வச்சிருக்கோம். கஞ்சாத் தோட்டத்துப் பக்கம் கத்தியோட திரிஞ்சானுக. உங்க ஆளுகதான். ஒரு வார்த்தை பேச மாட்டேங்குறானுக. நீங்க வரலைன்னா அடி விழும்ணே."

யார் என்று கன்னையனுக்குத் தெரிந்துவிட்டது. குருவம்மாள் அவன் வேட்டியைப் பிடித்தாள். "படி தாண்டாதே" என்றாள்.

"தாண்டலைன்னா அவனை அடிச்சே கொன்னுருவாங்க" என்றான். படி தாண்டினான்.

காட்டிலாகா ஆபீஸ் அடிவாரத்தில் இருந்தது. பின்னால் ஏலக்காய் மூட்டை போடுகிற பழைய அறையில் சின்னச்சாமியையும் கூட்டாளிகளையும் உட்கார வைத்திருந்தார்கள். மூன்று பேரும் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள். சின்னச்சாமிக்கு ஒரு கண் வீங்கியிருந்தது. மேஜை மேல் அவர்களிடம் பிடுங்கின சாமான்கள் கிடந்தன: வெட்டுக்கத்தி, வெல்லம், ஒரு புதுத் துணி, மூங்கில் சீப்பு. ரேஞ்சர் அந்தச் சீப்பை எடுத்து விரலால் நெருடிக்கொண்டே, "கஞ்சா விக்கிற பயலுக்குப் பேன் சீப்பு எதுக்குய்யா?" என்றார்.

அந்தச் சீப்பைப் பெண்ணைப் பெற்றவன் பார்க்கவே கூடாது. கன்னையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கேளு. அங்க என்ன பண்ணிட்டிருந்தானுகன்னு கேளு. கஞ்சா போட்டது யாரு, மத்தவன் எங்க ஒளிஞ்சிருக்கான்? அதைச் சொன்னா இவனுகளை விட்டுர்றேன்."

கன்னையன் சின்னச்சாமியின் முன்னால் குந்தினான். "அடிச்சாங்களா மருமகனே?"

"அதை விடு மாமா. தேன் எடுக்கப் போனோம்னு சொல்லு."

"அனுமதி இல்லாமத் தேன் எடுத்தா ஜெயில்ல போடுவாங்க."

"போடட்டும். உள்ள போயிட்டு வந்து தேடுறேன். அவ இருப்பா."

"மழை பெய்யுது சின்னச்சாமி. ரெண்டு வேளை மாவுதான் கொண்டுபோயிருக்கா."

"கிழங்கு தோண்டித் தின்னுவாங்க. ராக்கு இருக்கால்ல." சின்னச்சாமி வீங்கின கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அவ வெளிய வர மாட்டா மாமா. நான் வர்ற வரைக்கும் இருப்பா. நீ அவளைப் பத்தி மட்டும் வாய் திறக்காதே. தேன்னு சொல்லு. அவ்வளவுதான் நான் கேக்கறது."

"என்னய்யா சொல்றான்?" என்றார் ரேஞ்சர்.

இந்த இடத்தில்தான் கண்ணுகளா, எல்லாம் இருந்தது. தேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்திருந்தால் சின்னச்சாமி ஜெயிலுக்குப் போயிருப்பான். என்றைக்கு வருவானோ தெரியாது. அதுவரை பொன்னுமணி காட்டில் இருப்பாள். அவளால் வெளியே வர முடியாது. தோழிகளையும் சேதி கேட்க அனுப்ப முடியாது, அனுப்பினால் அவளே வந்த மாதிரிதான். கன்னையன் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தான். மலை தெரியவில்லை. மழைதான் தெரிந்தது. அந்த மழைக்குள் எங்கேயோ குளிரில் ஒடுங்கிக்கொண்டு, இதோ வந்துவிடுவான் என்று அவன் மகள் உட்கார்ந்திருக்கிறாள்.

மற்றவர்களுக்காக எத்தனையோ தரம் வார்த்தையை மாற்றிச் சொன்னவன்தான். ஆனால் தனக்கென்று ஒரு வார்த்தையை அவன் அதுவரை சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னான்.

"ஐயா, இவன் தேன்னு சொல்லச் சொல்றான். அது பொய்யிங்கய்யா. இவன் என் மகளைத் தேடித்தான் போனான்."

எல்லாவற்றையும் சொன்னான். ஒளிகிற வழக்கத்தை, சீப்பை, படி தாண்டக் கூடாததை. சொல்லச் சொல்ல அவனுக்கு நெஞ்சு லேசாகியது. இத்தனை வருஷம் பிஸ்கட் கொடுத்த மனுஷன், தோளில் கை போட்டுப் பேசின மனுஷன். கேட்டுவிட்டு, போய்த் தேடுடா மாப்ளே என்று சின்னச்சாமி முதுகில் தட்டி அனுப்பிவிடுவார் என்றே நினைத்தான்.

ரேஞ்சர் கேட்டார். நடுவில் ஒரு தடவை சிரிக்கவும் செய்தார். கெட்ட சிரிப்பு இல்லை, ஆச்சரியப்பட்ட சிரிப்பு.

"நல்ல கதையா இருக்கேய்யா. எங்க வீட்டுல இப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தா நான் தேடியே போயிருக்க மாட்டேன்" என்றார். பால்பாண்டியும் சிரித்தான். "சரி, நான் நம்புறேன். மேல இருக்கிறவன் நம்பணுமே. கஞ்சாக் கேசுல புடிச்சவனைக் கல்யாண மாப்பிள்ளைன்னு விட்டேன்னு சொன்னா என் சட்டையைக் கழட்டிருவான். பொண்ணை ஒருதடவை கண்ணால பாத்துட்டா போதும். உடனே விட்டுர்றேன்."

"ஐயா, அதைத்தான் பாக்கக் கூடாது."

"பாத்தா என்ன, தேஞ்சா போயிரும்?"

"இவனை அனுப்புங்கய்யா. கையில கயிறு கட்டி அனுப்புங்க. உங்க வாச்சருங்க பின்னாலயே போகட்டும். இவன் முதல்ல பாத்துட்டான்னா, அப்புறம் யாரு பாத்தாலும் தப்பில்ல."

"ஓடிட்டான்னா? இந்தக் காட்டுல இவனை எந்தச் சந்துல போய்த் தேடுறது? என் சோலி போயிரும் கன்னையா." ரேஞ்சர் எழுந்து மழைக்கோட்டை எடுத்தார். "நீ கவலைப்படாதே. நானே வர்றேன். நாய் ரெண்டைக் கூட்டிட்டுப் போனா ஒரு மணி நேரத்துல மோப்பம் புடிச்சுரும்."

பாறை வழுக்குகிற மழையில், மூன்று பெண் பிள்ளைகளை நாய் துரத்தினால் என்ன ஆகும்?

"நாய் வேண்டாங்கய்யா" என்றான். "எங்க இருப்பான்னு எனக்குத் தெரியும்."

அது நிஜம். இரண்டு வேளை மாவோடு போனவள் எங்கே போயிருப்பாள் என்று அவனால் சொல்ல முடியும். சிறுபிள்ளையாக இருந்தபோது ஒரு மழைக்கு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு அவன் ஒதுங்கின பாறைப்பொடவு அது. பாறை முன்னால் நீட்டிக்கொண்டு கூரை மாதிரி இருக்கும். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. அப்பா காட்டிக்கொடுத்த இடத்துக்குத்தான் பிள்ளை போயிருக்கும்.

வெளியே வரும்போது சின்னச்சாமி அவனை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்குக் கீழ்நாட்டுப் பேச்சு தெரியாது. ஆனால் ரேஞ்சர் சிரித்ததைப் பார்த்தான், மழைக்கோட்டு மாட்டுவதைப் பார்த்தான். "என்ன சொன்ன மாமா?"

"உன்னை விடச் சொன்னேன்."

"தேன்னு சொன்னியா?"

கன்னையன் நிற்கவில்லை. முதுகுக்குப் பின்னால் சின்னச்சாமி இன்னொரு தரம் கேட்டான். "தேன்னுதானே சொன்ன?"

ஜீப்பு போகிற தூரம் ஜீப்பில் போனார்கள். அதற்கப்புறம் நடை. அட்டைக்கடியும் சறுக்கலுமாக ரேஞ்சர் திட்டிக்கொண்டே வந்தார். ஓடையைத் தாண்டும்போது கரைச்சேற்றில் ஒரு கால் தடம் இருந்தது. மழை அதை முழுவதும் கரைத்திருக்கவில்லை. வேண்டுமென்றே அழுத்திப் பதித்த தடம், அவள் விரல். அதற்கு மேலே ஒரு செடியின் கிளை ஒடிந்து தொங்கியது. கன்னையன் அதை மிதிக்காமல் தாண்டினான். பின்னால் வந்த பூட்ஸ்கள் மிதித்துக்கொண்டு வந்தன.

பொடவுக்குக் கீழே அவன் ரேஞ்சரைக் கையெடுத்துக் கும்பிட்டான். "ஐயா, நீங்க இங்கயே நில்லுங்க. நான் மட்டும் போய்ச் சொல்லிட்டு, குரல் கொடுக்கச் சொல்றேன். குரலைக் கேட்டாப் போதும்ல?"

"போ, போ" என்றார் ரேஞ்சர், ஒரு மரத்தைப் பிடித்து மூச்சு வாங்கியபடி.

கன்னையன் ஏறினான். ஒரு கணக்குப் போட்டிருந்தான் மனசுக்குள். தான் அவளைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டே பேசலாம். பேசிவிட்டு இறங்கிவிடலாம். யாருக்கும் தெரியாது. சின்னச்சாமியை விட்டதும் அவன் வந்து தேடுவான். இது நடந்ததே இல்லை என்று ஆகிவிடும்.

காலடிச் சத்தம் கேட்டு உள்ளே பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குசுகுசுத்தார்கள். பிறகு ராக்கு எட்டிப்பார்த்தாள். அவள் முகம் அப்படியே வெளிறிவிட்டது. உள்ளே திரும்பி ஏதோ சொன்னாள். அடுத்த நிமிஷம் பொன்னுமணி எழுந்து வந்து பாறை விளிம்பில் நின்றாள். கன்னையன் கண்ணை மூட மறந்துபோனான். இரண்டு நாள் குளிரில் உதடு நீலம் பாரித்திருந்தது. தலையைப் புதிதாக வாரி, சீப்புக்கென்று கொண்டை போட்டிருந்தாள்.

"அப்பா" என்றாள். "அவன் செத்துட்டானா?"

தகப்பன் வருவதற்கு அவளுக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான்.

"இல்ல தாயே. இல்ல. உயிரோட இருக்கான்."

அவள் பாறையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் உயிர் வந்தது. வந்த வேகத்தில் வேறொன்றும் வந்தது. "அப்ப நீ எதுக்கு வந்த?"

அவன் சொல்லத் தொடங்கினான். காட்டிலாகா, கஞ்சா, அடி, மழை என்று வார்த்தைகள் முன்னும் பின்னுமாக விழுந்தன. ஊருக்கெல்லாம் பேசின வாய் அது. அவள் அதைக் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை. அவனுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னையன் திரும்பினான். மழைக்கோட்டும் தொப்பியுமாக ரேஞ்சர் மேலேறி வந்து நின்றிருந்தார், அவருக்குப் பின்னால் வாச்சர்கள்.

"குரலே கேக்கலையே, வழுக்கி விழுந்துட்டியோன்னு பாத்தேன்" என்றார். பொன்னுமணியைப் பார்த்தார். மனுஷன் நிஜமாகவே சந்தோஷப்பட்டார். "இதான் பொண்ணா? மகாலட்சுமி மாதிரி இருக்காளேய்யா. ஆத்தா, இந்த மழையில ஒரு பயலுக்காகக் காத்துக் கிடக்கியா நீ? கன்னையா, கேளு. அந்தப் பையனைக் கட்டிக்கச் சம்மதந்தானான்னு அவ வாயால ஒரு வார்த்தை கேளு. எழுதிக்கறேன்."

கன்னையன் கேட்டான். கேட்காமல் என்ன செய்வான்.

பொன்னுமணி ரேஞ்சரையே பார்த்துக்கொண்டு, தகப்பனுக்குப் பதில் சொன்னாள். "அவர்கிட்ட சீப்பு கொண்டுவந்திருக்காரான்னு கேளு. என்னைக் கண்டுபிடிச்சது அவர்தானே."

ராக்கு அழ ஆரம்பித்தாள். மழை பாறை விளிம்பிலிருந்து கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது.

"என்ன சொல்றா?" என்றார் ரேஞ்சர்.

"சம்மதம்னு சொல்றாங்கய்யா" என்றான் கன்னையன்.

ரேஞ்சர் வாக்குத் தவறவில்லை. அன்று சாயங்காலமே மூன்று பேரையும் விட்டுவிட்டார். வெல்லம், துணி, சீப்பு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்து, வெட்டுக்கத்தியையும் கொடுத்து, கல்யாணச் சோறு எனக்கும் எடுத்து வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார். கன்னையன் மலையிலேயே நின்றுவிட்டான், அதைச் சொல்வதற்கு ஆளில்லாததால் சின்னச்சாமிக்கு அது விளங்கவில்லை.

அடுத்த நாள் குடி கூடியது. மழை விட்டு வெயில் அடித்தது. மொக்கையன் நடுவில் உட்கார்ந்திருந்தார். கன்னையன் அவர் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"என்னைக் குடியை விட்டுத் தள்ளி வைங்க. தண்ணி கொடுக்காதீங்க. செத்தா மண்ணு போடாதீங்க. பிள்ளைங்க ரெண்டையும் மட்டும் பிரிக்காதீங்க. இன்னொரு தரம் தேட விடுங்க."

"எந்திரி கன்னையா" என்றார் மொக்கையன். குரலில் கோபமே இல்லை. "எங்களுக்காக எத்தனை தரம் அவங்க முன்னால நின்னிருக்க. உன்னைத் தள்ளி வச்சு என்ன ஆகப்போகுது? உன்னை மன்னிக்கலாம். அது கஷ்டமில்ல. ஆனா கண்டெடுத்தவளைக் காணாதவளா ஆக்க யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிஞ்சா சொல்லு."

கூட்டத்தில் சின்னச்சாமி எழுந்தான். "நான் தேடத்தான் போனேன். பாதியில பிடிச்சுட்டாங்க. நான் இன்னும் தேடி முடிக்கல. அவ ஒளிஞ்சா நான் இன்னைக்கே கிளம்புறேன்."

அப்போது மொக்கையன் ஒன்று செய்தார், அதுவரை அந்தக் குடியில் யாரும் செய்யாதது. பெண்கள் பக்கம் திரும்பி, "பொன்னுமணி, இவன் கேக்கறான். வழக்கம் இல்லைதான். ஆனா நீ இன்னொரு தரம் ஒளியறேன்னு சொன்னா, நான் கண்ணை மூடிக்கறேன்" என்றார்.

கன்னையன் தலையைத் தூக்கினான். குருவம்மாள் மகள் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். சொல்லு, சொல்லு என்றாள்.

பொன்னுமணி சின்னச்சாமியைப் பார்த்தாள். அவன் வீங்கின கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண்ணைத் தொட அவள் கை ஆசைப்பட்டது என்பதை அங்கிருந்த பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

"ஒளியலாம்" என்றாள். "எங்க ஒளியறது? நான் எங்க போனாலும் அப்பனுக்குத் தெரியும். அப்பனுக்குத் தெரிஞ்சா அவங்களுக்குத் தெரியும். இந்த மலையில இனிமே எனக்கு ஒளிய இடம் எங்க இருக்கு?"

சின்னச்சாமி உட்கார்ந்தான். பிறகு அவன் மலையின் அந்தப் பக்கம், மலையாளச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். போகிறபோது கன்னையன் வீட்டு வழியாகத்தான் போனான். நின்று, "வர்றேன் மாமா" என்றான். அந்த மரியாதையைக் கன்னையனால் தாங்க முடியவில்லை.

பொன்னுமணி தகப்பனோடு சண்டை போடவில்லை. சோறு வைத்தாள், விறகு கொண்டுவந்தாள், கேட்டதற்குத் தலையாட்டினாள். வார்த்தை மட்டும் இல்லை. கார்த்திகை முடிகிறபோது ஒரு நாள் அவளும் மலையிறங்கினாள். போடிமெட்டுப் பக்கம் ஒரு ஏலத் தோட்டத்தில் காய் பறிக்கச் சேர்ந்துவிட்டாள் என்று சேதி வந்தது.

கன்னையன் காட்டிலாகாவுக்குப் போவதை நிறுத்தினான். பால்பாண்டி இரண்டு மூன்று தடவை வந்து கூப்பிட்டான். கன்னையன் உள்ளே உட்கார்ந்திருப்பான். குருவம்மாள் வாசலுக்கு வந்து மலைப்பேச்சில் ஏதோ சொல்லுவாள். பால்பாண்டி ஒன்றும் விளங்காமல், "அண்ணன் இல்லையாக்கும்" என்று தானே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டு இறங்கிப் போவான்.

மாசியில் கன்னையன் மகளைப் பார்க்கப் போனான்.

காய் உலர்த்துகிற கட்டடத்துக்கு வெளியே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கை அடைத்தது. கங்காணி முத்துப்பேச்சி கீழ்நாட்டில் ராசிங்காபுரத்துக்காரி, வாயில் வெற்றிலை.

"யாரு வேணும்?"

"பொன்னுமணியைப் பாக்கணும்."

"ஏ பொன்னு, உன்னைத் தேடிக்கிட்டு ஆளு வந்திருக்கு."

அவள் எழுந்து வந்தாள். மலையில் பெண்கள் கட்டுகிற கட்டு இல்லை. ராசிங்காபுரத்துப் பெண்கள் மாதிரிச் சேலை கட்டி, சடை பின்னி, அதில் காகிதப்பூ வைத்திருந்தாள். கொண்டை இல்லை. உடம்பு கொஞ்சம் தேறித்தான் இருந்தது.

"தாயே" என்றான் கன்னையன், மலைப்பேச்சில். "அம்மா கூப்பிடுது. வீட்டுக்கு வந்துரு. உன்னை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நானும் கேக்க மாட்டேன். நீ என்னோட பேசக்கூட வேண்டாம். வந்து இருந்தாப் போதும்."

பொன்னுமணி கேட்டுக்கொண்டு நின்றாள். கேட்டு முடித்துவிட்டுப் பதில் சொன்னாள். பேசாமல் இருந்த அத்தனை மாதத்துக்குப் பிறகு மகள் வாயிலிருந்து அவன் கேட்ட முதல் பேச்சு.

"நல்லா இருக்கீங்களா? அம்மாவுக்குக் காலு வலி எப்படி இருக்கு?"

சுத்தமான போடிப் பேச்சு. ஒரு எழுத்துப் பிசகவில்லை. எப்போது கற்றாளோ. துபாசி வீட்டுப் பிள்ளை, கற்க எவ்வளவு நேரமாகும்.

கன்னையன் மறுபடியும் மலைப்பேச்சில் கூப்பிட்டான். அவள் சின்னப்பிள்ளையில் தோளில் தூங்கும்போது கூப்பிடுகிற பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் கண் நிறைந்தது. நிறைந்ததே தவிர வழியவில்லை.

"சோலி கிடக்கு" என்றாள். "காயி இன்னைக்கு லோடு ஏத்தணும். நீங்க டீ குடிச்சிட்டுப் போங்க. அந்தக் கடையில எம் பேரைச் சொன்னாக் கொடுப்பாக."

முத்துப்பேச்சி அங்கிருந்து, "உங்க அப்பாவா பொன்னு? இருந்து பேசிட்டு வா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

"பேசியாச்சுக்கா" என்றாள் பொன்னுமணி.

கன்னையன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் பேச்சில் கேட்டால் பதில் வராது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அவள் போய்விடுவாளோ என்ற பயத்தில், வேறு வழியில்லாமல், ரேஞ்சரிடம் பேசுகிற பேச்சை எடுத்தான்.

"ராத்திரிக்குக் குளிருக்குப் போர்வை இருக்கா?" என்றான்.

"இருக்கு."

"சாப்பாடெல்லாம்?"

"நல்லாத்தான் போடுறாக."

"அடுத்த மாசம் வரட்டுமா?"

அவள் விரலில் ஒட்டியிருந்த ஏலக்காய்த் தொலியைத் தேய்த்துத் தேய்த்து உதிர்த்தாள்.

"உங்களுக்கு எதுக்கு அலைச்சல்" என்றாள். "வேண்டாம். பத்திரமாப் போயிட்டு வாங்க."

"சரி" என்றான் கன்னையன். அதையும் போடிப் பேச்சில்தான் சொன்னான்.